ஆபீஸ் நெட்டில் இறக்கிய பாடங்கள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று சொன்னாய். கிருஷ்ணகிரியில் பார்த்திருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, கட்டிலும் பீரோவும் வாங்கினால் போதும், நெட் கனெக்‌ஷன் மட்டும் எடுக்கப் போவதில்லை என்றாய். "எதுக்கும்மா தண்டச் செலவு? ஆபீஸ்ல வைஃபை இருக்குது. கட்டிக்கப்போறவ டீச்சர் வேலைக்கு டெட் பரீச்சை எழுதப் படிக்கறதுக்கு வேணுங்கற வீடியோவெல்லாம் அங்கியே எறக்கி எடுத்தாந்துருவேன். நீ எனக்கு அப்புடித்தான செஞ்ச?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். குக்கர் விசில் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீ இங்கே வந்து இறங்கிவிட்டால் உன்னைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நிற்பார்கள், உன்னோடு தனியாகப் பத்து நிமிடம் கிடைக்காது. உன் அப்பா போர் போடுகிற ரிக் வண்டியோடு ஒடிசாவில் இருக்கிறார், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால்தான் வருவார். அவரிடமும் இதைச் சொல்ல வேண்டும், ஆனால் உன்னிடம் முதலில் சொல்வதுதான் முறை. அதனால் எழுதுகிறேன். லாரி ஆபீஸில் உட்கார்ந்து பில் எழுதியே பழகிய கை இது, கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் குடித்தனத்துக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டாய். தொகை சொல்லமாட்டேன். நான் இன்றைக்குச் சொல்லும் விலை நீ கடைக்குப் போவதற்குள் மாறியிருக்கும். எப்படிப் பார்த்து வாங்குவது என்று மட்டும் சொல்கிறேன். எண்ணெய் பாக்கெட்டை எடுத்தால் பின்பக்கம் திருப்பி எத்தனை கிராம் என்று படி, எல்லாப் பாக்கெட்டும் ஒரே உயரத்தில் நிற்கும், உள்ளே இருப்பது ஒன்றாக இருக்காது. பத்து ரூபாய் பிஸ்கட் இன்னும் பத்து ரூபாய்தான், ஆனால் பாக்கெட்டைக் குலுக்கினால் சத்தம் வருகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். போன் ரீசார்ஜை ஒரு மாதம் என்று சொல்லி இருபத்தெட்டாம் நாளே முடித்துவிடுவார்கள், வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று நினைத்து நீ ஒதுக்கினால் பதின்மூன்றாவது தடவை வந்து நிற்கும். கொத்தமல்லிக் கட்டைப் போனில் ஆர்டர் போடாதே. கட்டு பத்து ரூபாய், கொண்டுவந்து கொடுக்கும் கூலி அதற்கு மேல். இதையெல்லாம் நீ பார்த்துக்கொள், ஆனால் புதுப்பெண் முன்னால் நின்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருக்காதே. கஞ்சன் என்கிற பெயர் முதல் மாதத்திலேயே வந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் போகாது. உன் அப்பாவைக் கேட்டுப் பார்.

இப்படிச் சிக்கனம் பேசுகிறவள் எங்கே சறுக்கினாள் என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் நீ படிப்பு முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அப்போது நான் போட்ட முதல் வெட்டு ரீசார்ஜில்தான். ஆபீஸில் நெட் இருக்கிறது, எனக்கு எதற்குத் தனியாக என்று என் போனுக்கு ரீசார்ஜ் போடுவதை நிறுத்தினேன். கூப்பிட்டால் எடுக்க மட்டும்தான் அந்தப் போன். அடுத்த வெட்டு உன் போனில். காலையில் உன் போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு சங்ககிரி ஆபீஸுக்குப் போவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் நெட்டில் அதைச் சேர்த்துவிட்டு, நீ துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த வகுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்குவேன். தூக்குப்போசியைக் காலியாகக் கொண்டுபோய் மோர் நிரப்பிக்கொண்டு வருகிற மாதிரி, சாயந்திரம் போன் நிறையப் பாடத்தோடு வீட்டுக்கு வருவேன். நீ வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்வாய். அந்த நாட்களில் எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமை.

எங்கள் ஆபீஸ் நெட் ஒன்றும் பெரிய விஷயமில்லை, சின்ன டாங்கிள்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு, அது தீர்ந்தால் வேகம் செத்துவிடும், ஒரு பக்கம் திறக்க அரை மணி ஆகும். லாரி ஆபீஸுக்கு அந்த நெட் எதற்கு என்று உனக்குத் தெரியும். சரக்கு ஏற்றிய வண்டி ஒவ்வொன்றுக்கும் அரசாங்கத் தளத்தில் இ-வே பில் போட வேண்டும், இத்தனை தூரத்துக்கு இத்தனை நாள் என்று அதற்குக் கெடு உண்டு. வழியில் வண்டி பழுதாகி நின்றால் கெடுவை நீட்டிக்க வேண்டும், அதையும் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. கெடு முடிகிற நாள் சாயந்திரத்திலிருந்து மறுநாள் காலை எட்டு மணிக்குள் செய்தால்தான் உண்டு. விட்டால் வண்டி ரோட்டில் நிற்பதே குற்றம்.

அப்படி ஒரு நாள். முதலாளி குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார், போனை அணைத்துவிட்டார். ஆபீஸில் நானும் கோகிலாவும்தான். கோகிலாவை உனக்கு ஞாபகம் இருக்கும், பி.காம் முடித்துவிட்டு எனக்குக் கீழே பில் போட வந்த பெண், ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்து கொள்ளுப்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாள். அவள் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் டிரைவர் கூப்பிட்டார். ஆந்திராவில் வண்டி ஆக்சில் உடைந்து நிற்கிறது, இன்றோடு பில் முடிகிறது, நீட்டிக்கச் சொன்னார். உட்கார்ந்தேன். நெட் நகரவில்லை. அன்று நீ எழுதிக் கொடுத்த சீட்டு நீளம், மத்தியானம் அத்தனையும் இறக்கியதில் அன்றைய அளவு தீர்ந்திருந்தது. என் போனிலும் உன் போனிலும் நெட் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றால் பாஸ்வேர்டு கம்ப்யூட்டரில் பதிந்து கிடக்கிறதே தவிர எனக்கு மனப்பாடம் இல்லை. பக்கத்து லாரி ஆபீஸில் ஹாட்ஸ்பாட் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் கேட்டால், உங்கள் நெட் என்ன ஆயிற்று என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் படியிறங்கவில்லை. காலையில் சீக்கிரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டு வந்தேன். காலையில் பஸ் தாமதம். நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது எட்டரை.

டிரைவர் ஆக்சிலைச் சரிசெய்துகொண்டு கிளம்பி இருபது கிலோமீட்டர் போகவில்லை, செக்கிங்கில் பிடித்துவிட்டார்கள். அபராதம், வண்டி நாலு நாள் அங்கேயே நிறுத்தம், சரக்குக்காரன் முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தியது எல்லாம் நடந்தது. நெட் தீர்ந்துபோய் நீட்டிக்க முடியவில்லை என்றதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "அத்தன நெட்டையும் தின்னது யாரு?" என்பதுதான். நான் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கோகிலா பக்கம் திரும்பிவிட்டார். அவள் சாப்பிடும்போது போனில் சீரியல் பார்ப்பாள், ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"இல்லீங்க மொதலாளி, நான் என்ற நெட்டுலதானுங்க பாக்கறேன். ரீசார்ஜ் போட்ட மெசேஜ் இருக்குதுங்க, பாருங்க" என்று போனை நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "நாளைல இருந்து நீ வர வேண்டாம்" என்றார். கோகிலா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் யாரிடமாவது உதவி கேட்டு நின்றது அந்த ஒரு தடவைதான். நான் லெட்ஜரில் எதையோ தேடுகிறவள் போல் குனிந்துகொண்டேன். அவள் தன்னுடைய சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்து, அந்த மாதச் சம்பளம்கூடக் கேட்காமல் படியிறங்கிப் போனாள். அன்று மத்தியானமும் உன் போன் என் பைக்குள் இருந்தது.

அதற்கப்புறம் உன்னை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன் இல்லையா, அது நான் யோசித்துச் செய்த காரியம் என்று நீ பல பேரிடம் சொல்லியிருக்கிறாய். உன் மாமனாரிடமும் சொன்னாயாம். அது பயத்தில் செய்தது. ஆபீஸ் நெட்டைத் தொட இனிமேல் கை வராது, உனக்கோ பாடம் வேண்டும், வேறு வழியில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்கு நடக்கிற வழியில் தினமும் அந்த நூலகத்தைத் தாண்டித்தான் போவேன். வேலையில்லாத ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடம் என்று நினைத்து ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. சும்மா கொடுக்கிறதில் என்ன இருந்துவிடப் போகிறது என்கிற எண்ணம் வேறு. உள்ளே போய்ப் பார்த்தால் ஃபேனுக்கடியில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள், பாதிப் பேர் பெண்பிள்ளைகள். அந்த நூலகத்து அம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பழய கேள்வித்தாளு கட்டுக் கட்டா இருக்குதுங்க. கேக்கறதுக்குத்தான் ஆளு வரோணும்" என்று சொல்லி ஒரு மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அங்கே இரண்டு கம்ப்யூட்டர் இருந்தது. நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், ஒருத்தரும் காசு கேட்கமாட்டார்கள்.

நீ அந்த நோட்டில் பெயர் எழுதியதைப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டும் சும்மா கிடைத்ததுதான், ஆபீஸ் நெட்டும் இதுவும். ஆனால் இங்கே உன் பெயர் எழுத்தில் இருக்கிறது, யார் கேட்டாலும் ஆமாம், நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். ஆபீஸில் நான் எடுத்ததை எடுத்தேன் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததாலேயே அது இன்னொருத்தி தலையில் போய் விழுந்தது. உன் ஆபீஸில் வைஃபையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தெரியாது. உன் மேலதிகாரியிடம் போய், வீட்டில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறாள், இதில் இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேள். கேட்க முடிந்தால் செய், கேட்கக் கூச்சமாக இருந்தால் செய்யாதே. வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் போட்டுவிடு, அது தண்டச் செலவில்லை. கிருஷ்ணகிரியில் நூலகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, பால்காரனுக்குச் சொல்வதற்கு முன்னால் மருமகளை அங்கே கூட்டிக்கொண்டு போய் உறுப்பினராகச் சேர்த்துவிடு.

நீ போனில் அப்படிச் சொன்ன அன்று நான் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவி, உறையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவர்கள் வரிசையில் டிரைவர்கள் பெயரெல்லாம் எழுதிவிட்டேன், கோகிலா பெயர் வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நம் பக்கத்தில் போனில் அழைத்தால் அழைத்ததாகவே ஆகாது, தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுப்படி ஏறிப் போய்க் கூப்பிட வேண்டும். அவள் வீட்டுப்படி ஏறினால் வாயைத் திறந்தாக வேண்டும். அதனால் திங்கட்கிழமை காலையில் முதலில் முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்மா, அந்தப் புள்ளய நான் வைய்யறப்ப நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?" என்றார். ஆமாங்க என்றேன். "கல்யாணத்த முடிச்சுட்டு வா. அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கல்யாணத்துக்கப்புறம் எனக்கு அங்கே வேலை இருக்குமா என்று தெரியாது. இருக்காது என்று வைத்தே உன் கணக்கைப் போட்டுக்கொள்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுக் குமாரபாளையம் பஸ் ஏறினேன். கோகிலா அங்கே தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வீட்டோடு ஒட்டி நாலு விசைத்தறி ஓடுகிறது. அவள் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா, வாங்க. என்னுங்க்கா இவ்வளவு தூரம்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்தத் தறிச் சத்தத்தில் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்தினால்தான் கேட்கும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் காதோரமாகக் குனிந்து முழுவதையும் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் என்னைவிட்டுத் தள்ளிப் போய், மெயின் சுவிட்சை அணைத்தாள். நாலு தறியும் நின்றது. பின்பக்கமிருந்து அவள் வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார், மாமியாரும் எட்டிப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க்கா. அவிய கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவள் வீட்டுக்காரர், "ஏனுங்க, அஞ்சு வருசமா உங்களுக்கு வாயில்லீங்களா?" என்று கேட்டார். "இருந்துச்சுங்க. தொறக்கலீங்க" என்றேன். அவர் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். கோகிலாதான் பேசினாள். "என்னப் பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாலயே, ஆபீஸ்ல போனு நோண்டி வேலய உட்டவங்கற பேச்சு இந்த ஊட்டுக்கு வந்துருச்சுங்க்கா. கண்ணாலமாகி வந்ததிலிருந்து என்ற கையில பட்டன் போனுதான். இங்க ஜவுளிக்குப் பில் போடறதுக்கு வெளிய ஆளு வெச்சிருக்கறாங்க, எனக்குத் தெரிஞ்ச வேல. கம்ப்யூட்டரத் தொட உடமாட்டாங்க." அவள் அழவில்லை. சீரியல் கதை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் அழுதேன். அதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது, "நீங்க எதுக்குங்க்கா அழுவறீங்க?" என்று கேட்டேவிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பத்திரிகை வைத்த தட்டை நீட்டினேன். அவள் தொடவில்லை. "தம்பி வந்து வெக்கட்டும், வாங்கிக்கறேன். தம்பிக்காகத்தான இத்தனயும்" என்றாள்.

ஆனாலும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். வழியில் ஒன்று கேட்டாள். "அந்தப் பாடத்தயெல்லாம் தம்பி பாத்துச்சுங்களா அக்கா?"

உனக்கு இதுவரை சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. உன்னுடைய அந்தப் பழைய போனைக் கடையில் மாற்றப் போனபோது, உள்ளே இருப்பதை அழிக்கட்டுமா என்று கடைக்காரர் திறந்து காட்டினார். நான் இறக்கியது எல்லாம் வரிசையாக அப்படியே இருந்தது. முதல் ஏழெட்டைத் தவிர மற்றதெல்லாம் திறக்கவே இல்லை என்பதற்கு ஓரத்தில் புள்ளி வைத்திருந்தது. அந்தக் கடைசி நாள் இறக்கியதில் ஒன்றைக்கூட நீ தொட்டிருக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை. சின்ன வயது, தலைக்குமேல் பாடம், நானும் தினமும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தேன். அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோகிலா கேட்டதும் அந்தப் புள்ளிகள்தான் கண்முன்னால் வந்தன. ஐந்து வருடத்துப் பொய்யை இறக்கிவைக்கப் போனவள், "பாத்தான் சாமி, ஒண்ணு உடாம பாத்தான்" என்று அவளிடமே இன்னொன்றைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அப்பச் செரிங்க்கா. ஆருக்காச்சும் ஒதவியா ஆச்சே" என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

நீ வந்ததும் முதல் பத்திரிகை குமாரபாளையத்துக்குத்தான், நாம் இரண்டு பேரும் போகிறோம். அவள் உன்னிடமும் அதையே கேட்பாள். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று தலையை ஆட்டிவிடாதே. பார்க்கவில்லை என்று சொல். அம்மா சொன்னது பொய் என்றும் சொல். நான் பக்கத்தில்தான் நிற்பேன், குனியமாட்டேன்.

அம்மா